மூன்றாவது சுற்று

பகல் பதினொன்று பத்துக்கு நான் முதலில் பார்த்தது ஒரு காரின் பின்பக்கத்தை. பாபநாசத்திலிருந்து எங்கள் ஊருக்கு வரும் சாலையில், வாய்க்கால் பாலத்தை நோக்கி, அது பின்பக்கத்தை முன்னே நீட்டிக்கொண்டு வந்தது. ரிவர்ஸில் வரவில்லை. ரிவர்ஸில் அவ்வளவு வேகமாக யாராலும் வர முடியாது. நான் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து தஞ்சாவூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கார் வந்த வேகத்திலேயே அரைவட்டம் போட்டு முகத்தைக் காட்டியது. உள்ளே என் பெரியப்பா மகன், எனக்குத் தம்பி முறை, இருந்தான். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.

சக்கரங்களுக்கு அடியில் உளுந்து இருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் சென்னையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தேன். பங்குனி மாதம். எங்கள் பக்கத்தில் பங்குனி என்றால் சாலையில் கறுப்பாக எதையோ விரித்திருப்பார்கள். சம்பா அறுப்புக்கு முன்பே ஈர வயலில் தெளித்துவிட்ட உளுந்து, அறுப்புக்குப் பின் தனியாக வளர்ந்து காய்த்திருக்கும். அதைச் செடியோடு பிடுங்கி வந்து தார்ச்சாலையில் பரப்புவார்கள். பஸ்ஸும் லாரியும் டிராக்டரும் ஏறிப் போகப் போக, காய் வெடித்து உளுந்து உதிரும். மாலையில் செடியை உதறி ஒதுக்கிவிட்டு, உதிர்ந்ததைக் கூட்டித் தூற்றி மூட்டை கட்டிவிடுவார்கள். நெடுஞ்சாலைத் துறை அதைச் சாலை என்று நினைத்துப் போட்டது. ஊர் அதைக் களம் என்று எடுத்துக்கொண்டது. சைக்கிள்காரர்களும் மோட்டார் சைக்கிள்காரர்களும் அந்த இடம் வந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். ஏனென்றால் தார் மேல் கிடக்கும் உளுந்து, சைக்கிள் பேரிங்கில் இருக்கும் குண்டுகளைப் போன்றது. அதன் மேல் எதுவும் நிற்காது.

தம்பிக்குப் பிடித்திருந்தது அந்தக் கடைசி விஷயம்தான். அவன் சவுதியில் ஏசி மெக்கானிக். அங்கே முதலாளியின் மகன் வெள்ளிக்கிழமைகளில் ஊருக்கு வெளியே, மணல் படிந்த காலிச் சாலையில் காரை விரட்டுவான். திடீரென்று ஹேண்ட் பிரேக்கை இழுத்து ஸ்டியரிங்கை ஒடிப்பான். கார் பம்பரமாகச் சுற்றும். தம்பியும் மற்ற தொழிலாளிகளும் வேலி ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பார்கள். விடுமுறைக்கு ஊர் வந்தவன், பழைய சின்ன வெள்ளைக் கார் ஒன்றை வாங்கினான். அங்கே பார்த்ததை இங்கே செய்து பார்க்க மணல் இல்லையே என்ற குறை இருந்தது. உளுந்து அதைத் தீர்த்தது.

முதல் நாள் ஊர் பயந்தது. உளுந்துக்காரர் அவன் அம்மாவையும் பாட்டனையும் சேர்த்துத் திட்டினார். கார் போன பிறகு செடியைத் தூக்கி உதறிப் பார்த்தவர் திட்டுவதை நிறுத்திவிட்டார். ஒரு காய் மிச்சமில்லாமல் உதிர்ந்திருந்தது. அந்தக் காலத்தில் களத்தில் மாடுகளை வட்டமாக நடக்கவிட்டுப் போரடித்தவர்கள், மாடு சுற்றுவதைப் போலத்தானே காரும் சுற்றுகிறது என்று ஒத்துக்கொண்டார்கள். மறுநாள் காலையில் பெண்கள் காரை மறித்தார்கள்.

“நேத்து அவங்க உளுந்துல மட்டும் சுத்துனீங்க. நாங்கல்லாம் என்ன பாவம் பண்ணோம்?”

“சாயங்காலம் வர்றேன்க்கா.”

“சாயங்காலம் வெயில் எறங்கி காய் நமத்துப் போயிடும். இப்பவே வாங்க. வண்டி என்ன பெட்ரோலத் தண்ணியாவா குடிச்சிடப் போவுது.”

அந்த வாரம் முழுக்க அவன் செய்ததைக் கண்மூடித்தனம் என்று சொன்னவர்கள் இரண்டே பேர். ஒருவர் தஞ்சாவூர் பஸ்ஸின் டிரைவர். “களம்னா மாட்ட ஓட்டு, ரோடுன்னா கார ஓட்டு. ரெண்டுங்கெட்டானா இது என்ன?” என்று ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டுப் போனார். இன்னொருவர் அவன் அப்பா, என் பெரியப்பா. மிஷன் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். சைக்கிளைப் பாலத்தின் ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு ஏறி, இறக்கத்திலும் தள்ளிக்கொண்டே இறங்குகிறவர். அவர் கண்டித்தபோது தம்பி சொன்ன பதில்: “ஊருக்கு ஒரு உதவிதானப்பா.” ஊருக்கு உபயோகமாக இரு என்று அவனிடம் சிறுவயது முதல் சொல்லி வந்தவர் பெரியப்பாதான்.

இனி பதினொன்று பத்துக்கு வருகிறேன்.

அன்று பாலத்தருகே விரித்திருந்த உளுந்து ஒரு நடவுக்காரப் பெண்மணியுடையது. நாற்பத்தைந்து வயதிருக்கும். ஊரில் எல்லாரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். குறுவைக்கும் சம்பாவுக்கும் பெண்களைச் சேர்த்து அழைத்துப் போய் நடவு நட்டுக் கொடுப்பவர் அவர். வரிசையில் முதலாவதாக இறங்கி நடுவார். மற்றவர்கள் அவர் கைவேகத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும். குத்தகைக்கு எடுத்த சிறு வயலில் உளுந்து போட்டிருந்தார். அன்று காலை தம்பி பாபநாசம் போகும்போதே காரை நிறுத்தி, “வரும்போது ரெண்டு சுத்து. ரெண்டுக்கு மேல வேணாம் தம்பி, பருப்பா ஒடைஞ்சிடும்” என்று சொல்லியிருந்தார்.

முதல் சுற்றைத்தான் நான் முதலில் சொன்னேன். இரண்டாவதும் அதே போல நன்றாகவே வந்தது. பாலத்தில் நின்றவர்கள் கை தட்டினார்கள். அக்கா சாலையின் விளிம்பில் துடைப்பத்தோடு நின்று, “போதும்” என்று கையைக் காட்டினார். தம்பி பாலத்தைப் பார்த்தான். கைதட்டல் இன்னும் ஓயவில்லை. வண்டியைப் பின்னுக்கு எடுத்து, முன்பைவிட வேகமாக வந்து, மூன்றாவது முறையாக ஹேண்ட் பிரேக்கை இழுத்தான்.

இந்த முறை கார் சுற்றிக்கொண்டே நகர்ந்தது. பின்பக்கம் அவர் நின்ற விளிம்பை நோக்கிப் போயிற்று. கார் அவர் இடுப்பைத் தொட்டதா, தொடுவதற்குள் அவரே பின்னால் எட்டு வைத்தாரா என்பது ஊரில் பிறகு பெரிய விவாதமாயிற்று. எட்டு வைக்கப் பின்னால் இடமில்லை என்பதில் மட்டும் எல்லாருக்கும் ஒரே கருத்து. பின்னால் வாய்க்கால் இருந்தது. பங்குனியில் அதில் தண்ணீர் கிடையாது. ஆளுயரப் பள்ளத்தில் வலது கையை ஊன்றி விழுந்தார். கார் ஒரு பின்சக்கரத்தை வாய்க்கால் மேல் தொங்கவிட்டு நின்றது.

கைதட்டல் நின்றது. வாய்க்காலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“உளுந்த யாரும் மிதிக்காதீங்க.”

பிறகு கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். கை ஊன்றவில்லை.

தஞ்சாவூர் பஸ் அப்போது வந்து சேர்ந்தது. டிரைவர் காரைப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார், முன் ஸீட்டைக் காலி செய்யச் சொன்னார். அக்காவைத் தூக்கி அதில் உட்காரவைத்த பிறகு நானும் ஏறிக்கொண்டேன். தம்பியும் ஏற வந்தான். அதற்குள் ஓடி வந்துவிட்ட பெரியம்மா அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்.

பஸ் அய்யம்பேட்டையைத் தாண்டியது. மணிக்கட்டு வீங்கிக்கொண்டே வந்தது. அதைப் பார்த்தபடியே அக்கா கேட்டார்.

“ஆனி நடவுக்குள்ள சரியாயிடுமா?”

“இன்னும் ரெண்டு மாசத்துக்கு மேல இருக்கேக்கா.”

“நான் முன்னால எறங்காட்டி பொண்டுவ வேற ஆளு பின்னால போயிடும். ஒரு நடவு விட்டா அடுத்த நடவுக்குக் கூப்பிட மாட்டாங்க. கையி போனாக்கூடப் பரவால்ல, ஆளு போயிடக் கூடாது.”

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்ட டாக்டரிடமும் ஆனி மாதத்தைப் பற்றித்தான் கேட்டார். “எலும்பு சொல்லணும்மா, நான் சொல்லி என்ன?” என்றார் டாக்டர். எப்படி விழுந்தீர்கள் என்று அங்கிருந்த போலீஸ்காரர் கேட்டதற்கு, “கார் சுத்துச்சு, விழுந்துட்டேன்” என்றார். போலீஸ்காரர் மேற்கொண்டு விளக்கம் கேட்டுப் பார்த்துக் களைத்துப் போய், பாபநாசம் ஸ்டேஷனுக்குச் சொல்லி அனுப்பினார்.

சாயங்காலம் நான் பெரியப்பா வீட்டுக்குப் போனபோது யோசனை நடந்துகொண்டிருந்தது. பெரியம்மா எஸ்டிடி பூத்துக்குப் போய் நீடாமங்கலத்தில் இருக்கும் தன் தம்பியோடு பேசிவிட்டு வந்திருந்தார். அவர் நெல் லாரிகள் வைத்திருப்பவர், விபத்துகளில் அனுபவசாலி. கேஸ் ஆனால் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள், சவுதி திரும்புவதற்கான கெடு தாண்டிவிடும், அதனால் ‘ஆள மாத்துங்க’ என்றிருக்கிறார். லாரித் தொழிலில் இது சாதாரணம். ஓட்டியவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, லைசென்ஸ் உள்ள வேறொருவனை ஸ்டேஷனுக்கு அனுப்புவார்கள். அப்படி ஓர் ஆளைத் தானே அனுப்புவதாகவும் சொல்லியிருந்தார்.

பெரியப்பா மறுத்தார். “காசு குடுத்து இன்னொருத்தனப் பொய் சொல்ல வைக்கறது பாவம். அதுவும் தவக்காலத்துல.”

“அப்ப மவன ஜெயிலுக்கு அனுப்புங்க” என்றார் பெரியம்மா.

கடைசியில் பெரியப்பா, “நானே ஓட்டினேன்னு சொல்லிடறேன். அந்தப் பாவம் என்னோட போவட்டும்” என்றார்.

“உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியாதே?” என்று நான் கேட்டேன்.

“தெரியாம ஓட்டினதாலதானே விபத்து” என்றார் அவர். “இதுல முரண்பாடு எங்க இருக்கு?”

நாற்பது வருஷம் வாத்தியாராக இருந்தவரிடம் வாதம் செய்து ஜெயிக்க முடியாது. தம்பி மட்டும், “நான் பண்ணத நான் பாத்துக்கறேம்ப்பா” என்றான். சொல்லும்போதே பையில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். கடைசிப் பஸ்ஸில் அவனை நீடாமங்கலத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை ஏட்டு மோட்டார் சைக்கிளில் வந்தார். டிராக்டர் வைத்து இழுத்த கார் பாலத்தருகே நின்றது. ஊரும் அங்கேதான் நின்றது. ஏட்டு பெரியப்பாவிடம் எட்டாவது படித்தவர். அவரைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டு, ஞாபகம் வந்து மறுபடியும் போட்டுக்கொண்டார்.

“நீங்களா சார் ஓட்டுனீங்க?”

“ஆமாம்.”

“எத்தன வருஷமா சார் ஓட்டுறீங்க?”

“நேத்துலேர்ந்து.”

ஏட்டு காரைப் பார்த்தார். சாலையில் இருந்த சக்கரத் தடங்களைப் பார்த்தார். வட்டமாக இருந்தன.

“வண்டிய ஸ்டேஷனுக்குக் கொண்டு வரணும் சார். பிரேக் செக் பண்ண ஆள் வருவாங்க. சாவி உங்ககிட்டதானே இருக்கு? ஓட்டிட்டு வாங்க, நான் பின்னாலயே வர்றேன்.”

பெரியப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு காரில் ஏறி, ஸ்டியரிங் இல்லாத பக்கம் உட்கார்ந்தார். பிறகு இறங்கிச் சுற்றி வந்து, மறுபக்கம் ஏறினார். ஊரில் ஒருவரும் சிரிக்கவில்லை. கூடியிருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அவரிடம் படித்தவர்கள். சாவியைத் திருப்பினார். கார் ஒரு முறை துள்ளி அணைந்து போயிற்று.

“கிளட்ச் சார்” என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

“எது?”

“இடது கால் சார்.”

“பேசாதீங்கப்பா” என்றார் ஏட்டு.

“கியர் நியூட்ரல்ல இருக்கா பாருங்க சார்” என்று இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. பரீட்சையில் பக்கத்துப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்ததற்காக அவரிடம் அடி வாங்கியவர்கள், உதட்டை அசைக்காமல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பழக்கம் விட்டுப் போகவில்லை. அவரும் நேரே பார்த்தபடி காதை மட்டும் கொடுத்து வாங்கிக்கொண்டார். ஆனால் ஒரே நேரத்தில் பல பேர் சொன்னதில் விடைகள் கலந்துபோயின. கார் ஒரு பெரிய சத்தத்தோடு பின்னால் போய், ஏட்டின் மோட்டார் சைக்கிளை ஸ்டாண்டோடு சாய்த்து, அதன் மேல் ஒரு சக்கரத்தை வைத்துக்கொண்டு நின்றது.

பெரியப்பா இறங்கினார்.

“நான்தான் ஓட்டினேன்” என்றார். இந்த முறை அதில் பொய் இல்லை.

இந்த நேரத்தில்தான் காலை பஸ் வந்து, அக்கா இறங்கினார். கை கழுத்திலிருந்து தொங்கியது. முதலில் அவர் பார்க்கப் போனது, யாரோ கூட்டி ஓரமாகக் குவித்து வைத்திருந்த தன் உளுந்தை. இடது கையால் கொஞ்சம் எடுத்துப் பார்த்து, “பருப்பாத்தான் ஆயிருக்கு” என்றார். பிறகுதான் காரையும் மோட்டார் சைக்கிளையும் பார்த்தார்.

ஏட்டு அவரிடம் போனார். “யாரும்மா ஓட்டுனது? வாத்தியாரா?”

“சாரா?” என்றார் அக்கா. “சார் ஓட்டியிருந்தா வண்டி என்கிட்ட வந்தே சேர்ந்திருக்காது.”

கூட்டம் அப்போதுதான் சிரித்தது. பெரியப்பாவும் பின்னால் லேசாகச் சிரித்தார் என்று நினைக்கிறேன்.

“மவன்தான் ஓட்டுனாரு. நான்தான் சுத்தச் சொன்னேன். இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா நான் சொன்னது ரெண்டு சுத்து. அந்த ரெண்டும் என் உளுந்துக்கு. மூணாவது அவரா சுத்துனது. அது எதுக்குன்னு அவரத்தான் கேக்கணும். கையி போனது மூணாவதுல.”

ஏட்டு என் பக்கம் திரும்பினார். “பேப்பர்காரரே, நீங்க பாலத்துலதானே இருந்தீங்க? எத்தன சுத்து?”

பெரியம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூணு” என்றேன்.

“மூணாவது முழுசா சுத்தல. முக்காதான்” என்றார் கூட்டத்தில் ஒருவர். அதற்குள் வாய்க்கால் வந்துவிட்டது என்பது அவர் வாதம். அது கணக்கில் வருமா வராதா என்று ஊர் இரண்டாகப் பிரிந்து பேச ஆரம்பித்தது. ஏட்டு தன் மோட்டார் சைக்கிளை நிமிர்த்தப் போய்விட்டார்.

‘அதிவேகமாகவும் கவனக்குறைவாகவும்’ என்று போலீஸ் எழுதும் சொற்களை விபத்துச் செய்திகளில் நான் எத்தனையோ முறை திருத்தி அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். கை தட்டினார்கள், அதனால் இன்னொரு தடவை என்பதை எழுத அந்த வாக்கியத்தில் இடமில்லை.

பெரியப்பா அன்று மத்தியானமே நீடாமங்கலம் போய் மகனைக் கூட்டி வந்தார். அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. பாலத்தில் இறங்கியபோது தம்பி முகத்தில் கறுப்புக் கண்ணாடி இல்லை. ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன் அக்கா வீட்டுக்குப் போக வேண்டும் என்றான். நானும் கூடப் போனேன்.

“மன்னிச்சிடுங்கக்கா.”

“அது இருக்கட்டும். ஆனி மாசம் நீங்க எங்க இருப்பீங்க?”

“சவுதில இருந்திருப்பேன். இப்பத் தெரியல.”

“நான் எங்க இருப்பேன்னு எனக்கும் தெரியல” என்றார் அக்கா. “ஒக்காருங்க. டீ போடச் சொல்றேன். என்னால போட முடியாது.”

அவன் உட்கார்ந்தான். டீ வந்தது. குடித்துவிட்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினான்.

கேஸ் ஆனது. பாஸ்போர்ட் ஸ்டேஷனுக்குப் போயிற்று. வாய்தா மேல் வாய்தா விழுந்ததில் சவுதி கெடு தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரிச் செலவைப் பெரியப்பா ஏற்றுக்கொண்டார். பொய் சொன்னதற்காகக் கோயில் சாமியாரிடம் செய்ய வேண்டிய பாவசங்கீர்த்தனத்தையும், தவக்காலம் முடியும் உயிர்ப்பு ஞாயிறுக்குள் முடித்துவிட்டார். வண்டி ஓட்டியதற்கும் தனியாக ஒன்று செய்ய வேண்டுமா என்று கேட்டாராம். ஏட்டிடம் மன்னிப்புக் கேட்டால் போதும் என்று சாமியார் சொல்லியிருக்கிறார்.

அந்த வருஷம் மேட்டூர் அணையைத் தாமதமாகத்தான் திறந்தார்கள். ஆனாலும் பம்ப்செட் வயல்களில் ஆனியில் குறுவை நடவு ஆரம்பமாயிற்று. நான் ஒரு கல்யாணத்துக்காக மறுபடி ஊருக்கு வந்திருந்தேன். நடவில் நாற்றுப் பறித்து, பிடிபிடியாகச் சேர்த்து முடியாகக் கட்டி, வயலுக்குள் சுமந்து போய்ப் போடுவது ஆண்கள் வேலை. அந்த ஆண்களில் இளவட்டம் சிங்கப்பூருக்கும் திருப்பூருக்கும் போய்விட்டது. நட ஆள் கிடைத்தாலும் சுமக்க ஆள் கிடைக்காமல் மிராசுதார்கள் தவித்தார்கள். அக்கா வீடு வீடாகப் போய் ஒன்றே ஒன்று சொன்னார்: தன் நடவுக் கூட்டத்தோடு முடி சுமக்க ஆளும் வரும். சுமக்க வரச் சொல்லித் தம்பியை அவர் கேட்கவில்லை என்று பெரியம்மாவும், கேட்டார் என்று தம்பியும் சொல்கிறார்கள்.

நான் போய்ப் பார்த்தபோது அக்கா வரப்பில் நின்றுகொண்டிருந்தார். வேறு பெண் முதல் வரிசையில் இறங்கியிருந்தாள். “நெருக்கிப் போடாத. அடுத்த பத்தி வளையுது” என்று மேலேயிருந்து குரல் கொடுத்தார். பெண்கள் யாரும் வேறு ஆள் பின்னால் போயிருக்கவில்லை. சவுதியில் வாங்கிய முழுக்கால் சட்டையைத் தொடை வரை சுருட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் நாற்றுமுடிகளோடு தம்பி சேற்றில் வந்துகொண்டிருந்தான். நடு வயலில் கால் வழுக்கி, முடிகளை விடாமல், அரைவட்டம் சுற்றி உட்கார்ந்தான்.

“இன்னும் ரெண்டு சுத்துங்க தம்பி” என்று ஒருத்தி நிமிராமலே சொன்னாள்.

“ரெண்டுக்கு மேல வேணாம்” என்றாள் இன்னொருத்தி.

வயல் முழுக்கச் சிரிப்பு ஓடியது. அக்கா சிரிக்கவில்லை. “முடி நனைஞ்சா பரவால்ல, ஒதறிடாதீங்க” என்றார். அவன் எழுந்து மீதியைப் போட்டுவிட்டு அடுத்த முடிக்குத் திரும்பிப் போனான். சாயங்காலம் வரை சுமந்தான். சம்பா நடவுக்கும் அவன் சுமந்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

கேஸ் அபராதத்தோடு முடிந்தது. அடுத்த வருஷம் தம்பி வேறு விசாவில் குவைத் போனான். காரை நீடாமங்கலத்து மாமா எடுத்துக்கொண்டார். இப்போது எங்கள் ஊர் வயல்களில் பெரும்பாலும் இயந்திரம்தான் நடுகிறது. பங்குனியில் மட்டும் சாலையில் இன்னும் உளுந்து விரிக்கிறார்கள்.

மாவுக்கட்டைப் பிரித்தபோது அக்காவின் வலது மணிக்கட்டு கோணலாக ஒட்டியிருந்தது. உள்ளங்கை மேல் பார்த்துத் திரும்பாது. இன்றும் அவர் இடது கையில் கரண்டி பிடித்துத்தான் சோறு சாப்பிடுகிறார்.